அடிபட்டவனிடம் வைத்தியர் போக வேண்டும்: டொமினிக் லாரேயின் கதை

1792-ல் பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு விதி இருந்தது. மருத்துவ வண்டிகள் சண்டை நடக்கும் இடத்திலிருந்து ஒரு லீக், அதாவது சுமார் நாலு கிலோமீட்டர், தள்ளியே நிற்க வேண்டும். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து, யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவை முன்னால் நகரும். கனமான வண்டிகள், சேறான பாதை, வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பீரங்கிகள். வண்டி வந்து சேர 24 மணி நேரமாகும், சில சமயம் 36 மணி நேரம்கூட ஆகும். அதுவரை அடிபட்டவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான். தோற்ற படையின் ஆளாக இருந்தால் அவனைத் தேடி யாரும் வரவே மாட்டார்கள்.

இதில் கொடுமை என்று அன்று பெரும்பாலானவர்கள் எதையும் பார்க்கவில்லை. சர்ஜன்கள் அரிதானவர்கள், அவர்களைக் குண்டுக்குப் பலி கொடுக்கக் கூடாது என்பது ராணுவக் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று சொன்னவர் ரைன் படையில் அப்போதுதான் சேர்ந்திருந்த 26 வயது டொமினிக் ழான் லாரே. பின்னாளில் நெப்போலியனின் சேனையில் தலைமைச் சர்ஜனாகி, எகிப்திலிருந்து மாஸ்கோ வரை போய்த் திரும்பியவர். ராணுவ மருத்துவ வரலாற்றில் இவ்வளவு போரை நேரில் பார்த்து, இவ்வளவு விரிவாக எழுதியும் வைத்தவர்கள் குறைவு.

லாரே பிறந்தது 1766-ல், பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் போதேயான் என்ற சிற்றூரில். 13 வயதில் அநாதை. துலூஸ் நகரில் சர்ஜனாக இருந்த சித்தப்பா அலெக்சி லாரே கூட்டிக்கொண்டு போய்த் தொழில் கற்றுக்கொடுத்தார். 1787-ல் கடற்படைச் சர்ஜனாகி நியூஃபவுண்ட்லாந்துக் கடல் வரை போனார். கப்பல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டலும் வாந்தியுமாக ஒரு பயணம் முடித்து, இது நமக்குச் சரிப்படாது என்று பாரிஸ் திரும்பினார். வந்த நேரம் புரட்சி வெடித்தது. 1792-ல் தரைப்படை.

ரைன் படையில் அவர் கண்ணில் பட்டது குதிரைப் பீரங்கிப் படை. பறக்கும் பீரங்கி என்று அதைச் சொல்வார்கள். எதிரி எங்கே நெருக்குகிறானோ அங்கே குதிரைகள் பீரங்கியை இழுத்துக்கொண்டு பாயும், சுடும், இடம் மாறும். கொல்லும் கருவி இவ்வளவு வேகமாக ஓட முடிந்தால் காப்பாற்றும் கருவி ஏன் ஓடக் கூடாது என்று லாரே யோசித்தார். தளபதி குஸ்தினிடம் அனுமதி வாங்கினார். முதலில் குதிரை முதுகிலேயே காயம்பட்டவர்களைத் தூக்கி வரப் பார்த்தார். அது ஆகாது என்று தெரிந்ததும் வண்டிக்கு வந்தார். பறக்கும் ஆம்புலன்ஸ் பிறந்தது இப்படித்தான்.

இத்தாலியப் போரின்போது, 1797-ல், வண்டி முழு வடிவம் எடுத்தது. சமவெளிக்கு இரட்டைச் சக்கர வண்டி, இரண்டு குதிரை இழுக்கும், இரண்டு பேர் படுக்கலாம். மலைப்பாதைக்கு நாலு சக்கரம், நாலு குதிரை, நாலு பேர். பெட்டி ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும், குழியில் சக்கரம் இறங்கினால் உடைந்த எலும்பில் இடிக்காது. பக்கவாட்டில் காற்றுக்கு ஜன்னல். உள்ளே பலகை மேல் மெத்தை. பலகைக்கு அடியில் உருளைகள் இருக்கும், அதனால் ஆளை மெத்தையோடு அப்படியே வெளியே இழுக்கலாம். இன்றைய ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரை உருட்டி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சுமார் 340 பேர் கொண்ட தனிப்படை, மூன்று பிரிவு. சர்ஜன்கள் குதிரையில் முன்னே போவார்கள், அவர்கள் பையில் கட்டுத்துணியும் கருவியும் இருக்கும்.

அதே காலத்தில் இன்னொரு பிரெஞ்சு ராணுவச் சர்ஜன், பெர்சி, வேறு வண்டி ஒன்றைச் செய்தார். நீளமான கட்டை போன்ற வண்டி. அதன் மேல் சர்ஜன்கள் வரிசையாகக் கால் போட்டு உட்கார்ந்து போர்முனைக்குப் போவார்கள். பெர்சியின் வண்டி மருத்துவரைக் கொண்டுபோனது. லாரேயின் வண்டி அதோடு நோயாளியையும் கொண்டுவந்தது. நிலைத்து நின்றது லாரேயின் வழி.

சரி, இவ்வளவு அவசரம் எதற்கு? அந்தக் காலத்துக் குண்டு ஈயக் குண்டு, மெதுவாகப் போகும், பெரியது. எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு வெளியேறாது, எலும்பை நொறுக்கும். போகிற போக்கில் சட்டைத் துணியையும் மண்ணையும் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். கிருமி என்ற எண்ணமே யாருக்கும் இல்லாத காலம். இரண்டு மூன்று நாளில் சீழ், அழுகல், காய்ச்சல், மரணம். உடைந்த காலை எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்பதில் சண்டை இல்லை. எப்போது எடுப்பது என்பதில்தான் சண்டை. வீக்கமும் அதிர்ச்சியும் அடங்கட்டும், சில வாரம் பொறுத்து எடுக்கலாம் என்பது 18-ம் நூற்றாண்டில் பெரிய பெரிய சர்ஜன்கள் சொன்ன பாடம். பாரிஸ் அகாடமி அந்தக் கருத்துக்குப் பரிசே கொடுத்திருந்தது.

லாரே நேர்மாறாகச் சொன்னார். எடுக்க வேண்டிய காலென்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடு. அடிபட்ட உடனே நரம்புகள் மரத்துப் போயிருக்கும், வலி குறைவாகத் தெரியும், ரத்தக்கசிவும் கட்டுக்குள் இருக்கும், அழுகல் இன்னும் தொடங்கியிருக்காது என்பது அவர் கொடுத்த காரணம். காரணங்களில் பாதியை இன்றைய மருத்துவம் வேறு மாதிரி விளக்கும். முடிவு மட்டும் சரி. முதல் நாளே எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள் என்று அவர் எழுதினார். ஆனால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமென்றால், 24 மணி நேரத்துக்குள் ஆள் மேசைக்கு வந்தாக வேண்டும். வண்டியும் கத்தியும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. அதுவரை வழக்கம் எளிமையானது: முதலில் அதிகாரி, அப்புறம் சிப்பாய். லாரேயின் விதி, மோசமாக அடிபட்டவன் முதலில், பதவியும் பட்டமும் பார்க்கக் கூடாது. லேசாக அடிபட்டவன் காத்திருக்கலாம், அவனுக்குக் குதிரை இருந்தால் தானே பின்னால் இருக்கும் மருத்துவமனைக்குப் போகட்டும். எதிரிப் படையின் ஆளுக்கும் இதே விதி. இன்று அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்களே, அந்தப் பிரிப்புக்கு மூலம் இங்கேதான். பரம்பரைப் பிரபுக்கள் நிறைந்த ஐரோப்பியப் படைகளில் இதைச் சொல்ல, புரட்சியில் ஊறிய ஒரு தலைமுறையால்தான் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1798-ல் நெப்போலியனோடு எகிப்து. பாலைவனத்தில் சக்கரம் ஓடாது. ஒட்டகத்தின் இரு பக்கமும் மூடி போட்ட நீளப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, பெட்டிக்கு ஒருவராகப் படுக்க வைத்தார். அங்கேயிருந்து சிரியாவுக்குப் போன படையெடுப்பில் சிப்பாய்களின் புண்ணில் புழு வைத்தது. பார்த்தவர்கள் அலறினார்கள். லாரே உட்கார்ந்து கவனித்தார். புழு அழுகின சதையை மட்டும் தின்கிறது, நல்ல சதையைத் தொடுவதில்லை, புழு வைத்த புண் சீக்கிரம் ஆறுகிறது என்று குறித்துவைத்தார். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆறாத புண்ணுக்கு வளர்ப்புப் புழுவை வைத்துச் சிகிச்சை செய்ய அனுமதி கொடுத்தது.

எல்லாவற்றிலும் அவர் கணிப்பு சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1807 பிப்ரவரியில் எய்லாவ் போர், உறைபனி. உதவியாளர்களின் கை விறைத்துக் கருவிகள் நழுவி விழுந்தன. அந்தக் குளிரில் காலை எடுத்தபோது சிப்பாய்களுக்கு வலி குறைவாக இருப்பதைக் கவனித்தார், அது சரி. பனியில் விறைத்த பாதத்தைத் திடீரென்று நெருப்பில் காட்டினால்தான் அழுகுகிறது என்றும் கண்டார், அதுவும் கூர்மையான கவனிப்பு. ஆனால் அதற்கு மருந்தாகப் பனிக்கட்டியாலேயே தேய்க்கச் சொன்னார். அவர் பேருக்கு இருந்த மதிப்பில் அந்த யோசனை நூறாண்டுக்கும் மேல் பாடப்புத்தகங்களில் இருந்தது. தேய்ப்பதால் திசு இன்னும் கெடும் என்பது வெகு பின்னால்தான் தெரிந்தது.

மயக்க மருந்து இல்லாத அறுவை எப்படி இருந்திருக்கும்? லாரேயின் நினைவுக்குறிப்புகளில் கருவி, வெட்டு, கட்டு எல்லாம் இருக்கும். மேசையில் படுத்திருப்பவரின் குரல் இருக்காது. அந்தக் குரல் வேறோர் இடத்தில் கிடைக்கிறது. பாரிஸில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஃபேன்னி பர்னிக்கு மார்பில் கட்டி. 1811 செப்டம்பர் 30 அன்று அவர் வீட்டிலேயே லாரே மார்பகத்தை அகற்றினார். பர்னிக்கு அப்போது 59 வயது. தன் சகோதரிக்கு அவர் எழுதிய கடிதம் மருத்துவ வரலாற்றிலேயே படிக்கச் சிரமமான ஆவணங்களில் ஒன்று. கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் அறைக்குள் வருகிறார்கள். முகத்தின் மேல் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் போடுகிறார்கள். துணி மெல்லியது என்பதால் அதற்குள்ளிருந்தே பளபளக்கும் கத்தி தெரிகிறது. வெட்டத் தொடங்கியதிலிருந்து முடியும் வரை இடைவிடாமல் கத்தியதாக எழுதுகிறார். இருபது நிமிடம். வலிக்கு மருந்தாகக் கிடைத்தது கொஞ்சம் ஒயின் மட்டும்.

முடிந்து தூக்கிக்கொண்டு போகும்போது கண்ணைத் திறந்தவருக்கு லாரேயின் முகம் தெரிகிறது. தன்னைப் போலவே வெளிறி, ரத்தம் தெறித்து, துயரமும் பயமும் அப்பிய முகம். அதற்குள் ஆயிரக்கணக்கான கை கால்களை வெட்டியெடுத்திருந்த மனிதர் அவர். பர்னி அதன்பின் 28 ஆண்டு உயிரோடிருந்தார். ஈதர் மயக்கத்தில் முதல் பொது அறுவை பாஸ்டனில் நடந்தது 1846-ல். லாரே அதற்கு நாலு வருடம் முன்பே போய்விட்டார்.

1809-ல் வியன்னாவுக்கு அருகே ஆஸ்பர்ன்-எஸ்லிங் போரில் பின்வாங்கிய படை, டான்யூப் ஆற்று லோபாவ் தீவில் சிக்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் காயம்பட்டவர்கள், சாப்பாடு கிடையாது. லாரே குதிரைகளை வெட்டச் சொன்னார். பாத்திரத்துக்குக் கவசப்படையினரின் மார்புக் கவசம், உப்புக்கு வெடிமருந்து. சில தளபதிகள், தங்கள் குதிரைகளையும் எடுத்துவிட்டார் என்று பேரரசரிடம் புகார் கொண்டுபோனதாகக் கதை உண்டு. அந்த வருடமே அவருக்குப் பாரன் பட்டம் கிடைத்தது. அதே போரில் நெப்போலியனின் நெருங்கிய நண்பரான மார்ஷல் லானின் இடது காலை எடுத்ததும் லாரேதான். ஒன்பது நாளில் லான் இறந்தார். 1812 செப்டம்பரில் பொரோடினோவில் ஒரே நாளில் சுமார் 200 கை கால் துண்டிப்புகள் செய்ததாக எழுதியிருக்கிறார். மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில், பெரெசினா ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது, சிப்பாய்கள் அவரை அடையாளம் கண்டு, கைமாற்றிக் கைமாற்றித் தலைக்கு மேலாகவே தூக்கி அக்கரை சேர்த்தார்கள். ஆளாளுக்கு மிதித்துக்கொண்டு ஓடிய இடம் அது.

என்னைக் கேட்டால் லாரேயின் பெரிய வேலை கத்தியே எடுக்காமல் செய்தது. 1813 மே, பவுட்சன் போர். ரஷ்யாவில் அழிந்த சேனைக்குப் பதிலாக, பயிற்சியில்லாத பையன்களைப் பிடித்து நிரப்பியிருந்தார்கள். போர் முடிந்ததும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையிலும் விரலிலும் குண்டடிபட்டு வந்தார்கள். சண்டைக்குப் பயந்து தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று மார்ஷல் சூல்ட் முதலானவர்கள் சொன்னார்கள். நெப்போலியனும் நம்பினார். மற்றவர்களுக்குப் பாடமாக இவர்களில் சிலரைச் சுட்டுக்கொல்ல வேண்டும் என்று பேச்சு நடந்தது.

லாரே மறுத்தார். விசாரிக்க வேண்டும் என்று நின்றார். சர்ஜன்களின் குழு ஒன்றை வைத்து ஒவ்வொருவன் கையாகப் பார்த்தார், உடம்பிலும் துணியிலும் வேறு காயத்தின் தடம் உண்டா என்று தேடினார். விடை கிடைத்தது. படை மூன்று வரிசையாக நின்று சுடும். புதுப் பையன்களுக்குத் துப்பாக்கியைச் சரியாகத் தோளில் வைக்கத் தெரியவில்லை. பின்வரிசைக்காரன் சுட்ட குண்டு முன்வரிசைக்காரன் கையைத் துளைத்திருக்கிறது. மேட்டில் இருந்த எதிரியை நோக்கிக் கையை உயர்த்திச் சுட்டதால் எதிரியின் குண்டும் கையில்தான் பட்டிருக்கிறது. ஒருவன் மேல்கூடக் குற்றம் நிரூபிக்க முடியாது என்று அறிக்கை கொடுத்தார். நெப்போலியன் கோபத்தோடுதான் வாங்கிப் படித்தார். படித்ததும் மனம் மாறி, வைரம் பதித்த தன் உருவப் படத்தைப் பரிசாக அனுப்பி, ஓய்வூதியமும் அறிவித்தார். தடயத்தை வைத்துப் பேசும் சட்டம்சார் மருத்துவத்தின் ஆரம்ப அத்தியாயங்களில் இந்த விசாரணையைச் சேர்க்கலாம்.

வாட்டர்லூ, 1815. குண்டு மழைக்குள் லாரேயின் வண்டிகள் ஓடுவதைத் தூரத்திலிருந்து பார்த்த வெலிங்டன், அந்தப் பக்கம் சுட வேண்டாம் என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். (ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் இவர். குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் பெயர் வந்ததும் இவரால்தான்.) அதற்குப் பிறகு நடந்ததை லாரே தானே எழுதியிருக்கிறார். பிரஷ்ய வீரர்கள் பிடித்தார்கள். குள்ளமான உருவம், சாம்பல் நிறக் கோட்டு; நெப்போலியன் என்றே நினைத்துவிட்டார்கள். இல்லை என்று தெரிந்த ஏமாற்றத்தில் சுட்டுவிட உத்தரவானது. கண்ணைக் கட்ட வந்த பிரஷ்யச் சர்ஜன், சில வருடம் முன்பு பெர்லினில் லாரேயின் வகுப்பில் உட்கார்ந்தவர். முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் மேலே சொன்னார். தளபதி ப்ளூஷரிடம் கொண்டுபோனார்கள். ப்ளூஷரின் மகன் முன்னொரு போரில் காயத்தோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியபோது சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றியது லாரே. விடுதலை கிடைத்தது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

நெப்போலியன் விழுந்ததும் லாரேக்கும் சில வருடம் கஷ்டகாலம். ஓய்வூதியம் நின்றது, பிறகு திரும்பக் கிடைத்தது. செயின்ட் ஹெலினாவில் எழுதிய உயிலில் நெப்போலியன் அவருக்கு ஒரு லட்சம் ஃபிராங்க் ஒதுக்கி, நான் அறிந்தவர்களிலேயே மிக நல்ல மனிதர் என்று ஒரு வரியும் சேர்த்தார்.

1842-ல் அல்ஜீரியாவின் ராணுவ மருத்துவமனைகளைப் பார்வையிடப் போனார். திரும்பும் வழியில் நுரையீரல் காய்ச்சல். ஜூலை 25 அன்று, 76 வயதில், லியோன் நகரில் இறந்தார். ஓவியரான அவர் மனைவி சார்லட், மூன்று நாள் முன்பே இறந்திருந்தார். வயதான போர்வீரர்கள் தங்கும் இன்வாலிட் வளாகத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது லாரேயின் ஆசை. அப்போதைய போர் அமைச்சர் சம்மதிக்கவில்லை. அமைச்சர் வேறு யாருமில்லை, பவுட்சனில் பையன்கள் மேல் பழி போட்ட அதே சூல்ட். 1992-ல்தான் உடல் எச்சத்தை அங்கே கொண்டுவந்தார்கள்.

இந்தக் கதையைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. முதலாவது, லாரேயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி லாரே எழுதியது. அவருக்குத் தன் பெருமை கொஞ்சம் பிடிக்கும். இரண்டாவது இன்னும் முக்கியம். பறக்கும் ஆம்புலன்ஸ் முழு வசதியோடு இயங்கியது பெரும்பாலும் பேரரசரின் காவற்படைக்குத்தான். மற்றப் படைகளின் சாதாரணச் சிப்பாய்க்குப் பழைய கதிதான். வண்டி, குதிரை, கட்டுத்துணி எல்லாம் சர்ஜன் கையில் இல்லை; சப்ளை அதிகாரிகள் கையில் இருந்தது, அவர்களில் திருடாதவர்கள் குறைவு. நிரந்தரமான சர்ஜன் படை ஒன்று வேண்டும் என்று பெர்சி கேட்டபோது நெப்போலியன் கொடுக்கவில்லை. ஐந்து லட்சம் பேரை ரஷ்யாவுக்கு நடத்திப்போக முடிந்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை. மேசையில் பதவி பார்க்காத லாரேயின் விதி, மேசைக்கு வந்து சேர்ந்தவனுக்கு மட்டும் பொருந்தியது. அந்தப் பேரரசர் மேல் லாரே கடைசிவரை வைத்திருந்த விசுவாசத்தை என்னால் முழுதாக விளங்கிக்கொள்ள முடிந்ததில்லை.

அவர் யோசனையை ஒரு படை முழுவதற்குமான ஏற்பாடாக மாற்றியது அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜோனதன் லெட்டர்மன். 1862-ல் ஆம்புலன்ஸ் வண்டிகளைச் சப்ளை அதிகாரிகளிடமிருந்து பிடுங்கி மருத்துவப் பிரிவின் கீழ் கொண்டுவந்தார். லாரேக்குக் கிடைக்காமல் போனது அந்த அதிகாரம்தான்.

நம் பக்கத்திலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஏ.ஜி. ரங்கராஜ், முதலெழுத்து ஆற்காடு. இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி 1950-ல் கொரியாவுக்குப் போனவர். 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, அவரும் அவருடைய சிறு குழுவும் கூடவே குதித்தார்கள். தரையில் இறங்கியதும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். மகாவீர் சக்கரம் கிடைத்தது. லாரே குதிரையில் செய்ததை ரங்கராஜ் வானத்திலிருந்து செய்தார்.

இந்த நூற்றாண்டிலும் நேரத்தோடுதான் மல்லுக்கட்டு. ஆப்கானிஸ்தானில் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்கு வந்து சேர வேண்டும் என்று 2009-ல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் உத்தரவு போட்டார். ஹெலிகாப்டர்களையும் மருத்துவக் குழுக்களையும் கூட்ட வேண்டியிருந்தது. அதுவரை நடுமட்டமாக 90 நிமிடம் பிடித்த பயணம் 43 நிமிடமாகக் குறைந்தது. கூடவே காயம்பட்டவர்களில் சாவோரின் விகிதமும் 13.7 சதவீதத்திலிருந்து 7.6-க்கு இறங்கியது.